மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

துறைமுக வாசலில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. லாரிகள் ஏறி ஏறித் தேய்ந்தது. இயந்திரப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அதைத் தாண்டியதில்லை. சுமைத் தொழிலாளிகள் அவருக்கு ‘அந்தப்பக்கம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவர் மாநில அரசின் ஆள். கப்பலும் கடல் வணிகமும் தேசிய நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்று அரசியலமைப்பு பிரித்து வைத்திருந்தது. யார் என்ன புகார் கொண்டுவந்தாலும், “அது மத்திய அரசு சட்டம்ங்க, நான் கை வைக்க முடியாது” என்பார். தேசத்தின் பெயரைச் சொன்னால் மறுகேள்வி வராது.

துறைமுக மதிலுக்குள் ஒரு மாவு மில் இருந்தது. அவருடைய அக்கா புருஷனுக்கு அங்கே பெல்ட் அருகே வேலை.

“தம்பி, உருளைக்கு மேல மூடியே இல்லையாம். ஒரு தடவை எட்டிப் பாரேன்” என்றாள் அக்கா.

“மில்லு கோட்டுக்கு அந்தப் பக்கம்க்கா.”

“உங்க அத்தான் இந்தப் பக்கம்தானே வந்து தூங்குறாரு?”

அவர் சிரித்து மழுப்பினார். அந்த மழைக்காலத்திலேயே உருளை அத்தானின் வலது கையை இழுத்துக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

நஷ்டஈட்டு வழக்கு மாநிலத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வந்தது. துறைமுகத்துக்கென்று தேசியச் சட்டம் இருக்கும்போது மாநிலச் சட்டம் மதிலுக்குள் நுழையாது என்று மில் வக்கீல் வாதாடினார். அந்தத் தேசியச் சட்டத்திலோ மில் தொழிலாளியைப் பற்றி ஒரு வரி கிடையாது. வக்கீல் ஜெயித்தால் அத்தான் இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்க வேண்டியதுதான்.

வக்கீலின் முதல் சாட்சி இன்ஸ்பெக்டர். வராந்தாவில் அவர் தோளைத் தட்டி, “புதுசா ஒண்ணும் வேணாம் சார். வழக்கமா சொல்றதைச் சொன்னாப் போதும்” என்றார் வக்கீல். இன்ஸ்பெக்டருக்குக் காது மடல் சுட்டது.

அவர் கூண்டில் ஏறியதும் நீதிபதி அம்மாள் கேட்டார். “மில்லுக்குள்ள கப்பல் வருமா?”

“வராதும்மா.”

“இறக்கி முடிச்ச கோதுமைதானே அங்க போகுது?”

“ஆமாம்மா.”

“துறைமுக எல்லைக்குள்ளதான் மில் இருக்கு” என்று எழுந்தார் வக்கீல்.

“மதிலுக்குள்ள டீக்கடையும் இருக்கு. அதுவும் கப்பலா, வக்கீல் சார்?”

எல்லாரும் சிரித்தார்கள். சட்டம் தெளிவாயில்லை என்று சொல்லி நழுவ இன்ஸ்பெக்டருக்கு இன்னும் வழி இருந்தது. பெஞ்சில் அத்தான் அவிழ்ந்த சட்டைப் பொத்தானை இடது கையால் போட முயன்றுகொண்டிருந்தார். அது நழுவிக்கொண்டே இருந்தது.

“தேசியச் சட்டம் கப்பல்ல சரக்கு ஏத்தி இறக்குறதோட நின்னுடும்மா. மில்லு என் அதிகாரத்துலதான் இருந்தது.”

“இது எப்பத் தெரிஞ்சுது?”

“வேலைக்குச் சேர்ந்தப்பவே தெரியும்.”

“பின்ன ஏன் போகல?”

“போனா மில்காரங்களோட மல்லுக்கட்டணும். மத்திய அரசைக் கைகாட்டிட்டா சும்மா இருக்கலாம்மா.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். தன்னால் அவள் தலைகுனிந்தது அவருக்குத் தெரிந்தது.

வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. படியிறங்கும்போது அத்தான், “விடு மாப்ள” என்றார். அதற்கு வசவே தேவலை என்றிருந்தது இன்ஸ்பெக்டருக்கு.

மறுவாரம் இன்ஸ்பெக்டர் மில்லுக்குப் போனார். துறைமுக வாசல் காவலாளி பழக்கத்தில், “சார், கோடு வந்துடுச்சு” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே உருளையின் மேல் மூடி ஏற்கெனவே மாட்டியிருந்தது. ஒரு தகரத் தகடு, மூலைக்கொரு போல்ட், பச்சைப் பெயின்ட். அரை மணி நேர வேலை இருக்கும்.

“சரியா இருக்கா சார்?” என்றான் பெல்ட் அருகே நின்றவன்.

அவர் தகட்டின் மேல் கை வைத்து அழுத்திப் பார்த்தார். அடியில் உருளை ஓடும் அதிர்வு உள்ளங்கையில் ஏறியது.

“சரியா இருக்கு” என்றார். கையை எடுக்கத் தோன்றவில்லை.