ஹெடரில் ஒரு பச்சைக் கோடு

என் அம்பாசிடரின் பானட்டைத் தூக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது அந்தப் பச்சைக் கோடுதான். புகைக்குழாயான ஹெடரை எஞ்சினோடு பிடித்திருக்கும் ஒவ்வொரு நட்டின் மேலும் பெயிண்ட் பேனாவால் இழுத்த கோடு. சூட்டில் வெந்து பாதி கருத்துவிட்டது. ஆனாலும் முனையில் கொக்கிபோல வளையும் வாலை வைத்து, இது யார் கை என்று சொல்லிவிடுவேன். இடது கைக்காரனான என் கூட்டாளியின் கை.

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனி. அங்கே சைலன்சர் பொருத்தும் லைனில் நாங்கள் இருவரும் கான்ட்ராக்ட் ஆட்கள். ஒரு வண்டி அவனுக்கு, அடுத்தது எனக்கு. இறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக, நட்டை இறுக்கியவன்தான் அதன்மேல் கோடு போட வேண்டும். அவனுக்கு மஞ்சள், எனக்குப் பச்சை. கூடப்பிறந்தவனுக்குக்கூடப் பேனாவை இரவல் தரக்கூடாது என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும்.

அம்பாசிடர், அப்பா டாக்சியாக ஓட்டி எனக்கு விட்டுப்போன வண்டி. எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் அதன் வார்ப்பிரும்பு மேனிபோல்டு விரிசல் விட்டுப் படபடவென்று கத்திக்கொண்டிருந்தது. "அத்த தூக்கிப் போடு மச்சி, ஹெடர் மாட்டிக்கலாம்" என்றவன் அவன்தான். மூன்று குழாய்கள் வளைந்து வந்து ஒன்றாகச் சேரும் ஹெடரை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்தான். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டு வாசலில் ஞாயிறு முழுக்க வேலை நடந்தது. நட்டு ஏறியிருந்த துருவேறிய ஸ்டட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, சூடு காட்டி, ஒன்றுகூட உடையாமல் கழற்றினான். ஒரு குழாய் பாடியில் உரசியது. முனகாமல் எல்லாவற்றையும் இறக்கி, அதைச் சூடாக்கி வளைத்து மறுபடி ஏற்றினான். நடுவிலிருந்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். எஞ்சினை ஓடவிட்டு, முழுசாக ஆறும்வரை காத்திருந்து, மறுபடியும் இறுக்கினான். அம்மா கோழிக் குழம்பு வைத்துப் பரிமாறினாள். சொந்த அண்ணன் இருந்தால்கூட எனக்காக இப்படி உழைத்திருப்பானா என்று உருகிப்போனேன். இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

கோடு போடும் நேரத்தில், "எம்பேனா காஞ்சிப்போய் கீது மச்சி, உன்னுத குடு" என்றான். வீட்டு வாசலில் என்ன லைன் சட்டம்? கொடுத்தேன். போட்டு முடித்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். பார்த்தும் கேட்கவில்லை, ஒரு பேனாதானே. மறுநாள் ஸ்டோரில், காய்ந்துவிட்டது என்று சொல்லி வேறு பச்சை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் லைனில் ஒருவரை மட்டும் பெர்மனன்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு அடிபட்ட சமயம் அது. அதே வாரம் செக்கிங்கில் ஒரு வண்டியின் சைலன்சர் நட்டுகள் விரலாலேயே சுழன்றன. மேலே பச்சைக் கோடு. சூப்பர்வைசர் போனில் எடுத்த படத்தைக் காட்டினார். கோட்டின் முனையில் கொக்கி.

"இது என் கை இல்ல சார். அவன கேளுங்க" என்றேன். பேனாவை அவனுக்குக் கொடுத்த கதையையும் சொன்னேன்.

"ஸ்டோர்ல காஞ்சிபோச்சுன்னு தானேப்பா சொன்ன?" என்று என் வாயை அடைத்துவிட்டு, அவனைக் கூப்பிட்டார். அவன் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். என் வீட்டில் சாப்பிட்டவன் அல்லவா? அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பச்ச அவன் கலருதான் சார். எனக்கு மஞ்சா."

அவ்வளவுதான் சொன்னான். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் இன்றுவரை நெஞ்சை அறுக்கிறது. என்னிடம் கேட் பாஸை வாங்கிக்கொண்டு வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவன் பெர்மனன்ட் ஆனான். இறுக்காமல் கோடு போட்டது அவசரமா, திட்டமா, எனக்குத் தெரியாது. அதை மன்னித்துத் தொலைக்கலாம். அந்த அறையில் சொன்னது தெரிந்தே சொன்னது.

இப்போது இதே அம்பாசிடரைக் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தைக் கடந்தால், சீருடையில் அவன் நிற்பான். இந்த ஹெடரின் சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும். வண்டி அருகே வருவதற்குள் போனில் தலையைக் கவிழ்த்துக்கொள்வான்.

நேற்று தண்டலத்தில் ஒரு கல்யாணம். கிளம்புமுன் பானட்டைத் திறந்தேன். இன்றைக்கு இந்தக் கோடுகளைச் சுரண்டி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை என்று குனிந்தேன். அதற்குமுன் ஸ்பேனரை வைத்து ஒவ்வொரு நட்டாக இறுக்கிப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. இத்தனை ஓட்டத்துக்குப் பிறகும் கோடுகள் அவன் போட்ட இடத்திலேயே நின்றன. பாவி, ஒன்றையாவது லூசாக விட்டிருக்கக் கூடாதா?