அன்னமேரி வீட்டு ஐந்தாம் நிலை

சகாயராஜுக்குப் பக்கவாதம் வந்தபோது அவர் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை இருக்க, அப்படியே சரிந்தார். சமையலறையிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி அன்னமேரி முதலில் நுரையைத்தான் துடைத்தாள். பிறகுதான் அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். 2006ஆம் வருஷம், ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த நேரம்.

சகாயராஜ் விருத்தாசலத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க். ஆனால் ஊர் அவரை அறிந்தது அந்த வேலையால் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்செய்தி வாசிப்பதற்கு முன்பு பாடகர் குழு 'அல்லேலூயா' பாடும். மைக்கைப் பிடித்து அதற்கு முதல் குரல் கொடுப்பவர் அவர். மைக் கெட்டுப்போன நாட்களிலும் யாரும் வருத்தப்பட்டதில்லை, அப்படிப்பட்ட தொண்டை. வீட்டில் அந்தத் தொண்டைக்கு வேலை குறைவு. "சோறு போடு", "சட்ட எங்க", "லைட்ட அமத்து" என்பவற்றைத் தாண்டி அவர் அன்னமேரியோடு பேசிய நாட்கள் அபூர்வம்.

அன்னமேரி பீங்கான் பொம்மைக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மை சூளைக்குப் போவதற்கு முன்பு அதன் ஓரத்தில் நிற்கும் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து எடுக்க வேண்டும். யானை, குதிரை, பிள்ளையார், குழந்தை இயேசு எல்லோரும் அவள் கையில் ஒரே மாதிரி வழவழப்பானார்கள். ஒரே மகள் லிசா கல்யாணமாகிச் சென்னையில் இருந்தாள்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கையும் காலும் வேலை செய்யவில்லை. பேச்சும் போய்விட்டது. அன்னமேரி கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டு அவர் கட்டிலோடு கட்டிலாக இருந்தாள். ஒரு காலை, கஞ்சியைச் சரியாக ஆற்றாமல் ஸ்பூனால் அவர் வாயில் வைத்துவிட்டாள். சகாயராஜ் கண்ணை உருட்டி, தலையை உதறி, உரத்த குரலில் சொன்னார்:

"அல்லேலூயா!"

அன்னமேரிக்கு அதன் பொருள் உடனே புரிந்தது. சுடுது என்கிறார். ஏன் அந்த வார்த்தை மட்டும் வருகிறது என்று டாக்டர் பிறகு விளக்கினார். "பேச்சு மூளையில ஒரு எடத்துல இருக்குதும்மா, பாடிப் பாடிப் பழகுனது வேற எடத்துல இருக்குது. சில பேருக்கு அப்படி ஒரு வார்த்த மட்டும் தங்கிடும்."

ஆனால் அதே காலையில் ஆசீர்வாதம் வந்திருந்தார். மின்சார ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர், அவர்கள் கோயில் பங்கின் ஜெபக்குழுத் தலைவர். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் காதில் அந்த வார்த்தை விழுந்தது. ஒரு செருப்போடு உள்ளே வந்து முழங்காலில் நின்றார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஆண்டவரு தன் புகழ்ச்சிய மட்டும் வுட்டு வச்சிருக்காரு பாத்தியா, தங்கச்சி! நீ குடுத்து வச்சவ!"

"கஞ்சி சுட்டுடுச்சிண்ணே" என்றாள் அன்னமேரி. அவர் கேட்கும் நிலையில் இல்லை.

அன்று மாலைக்குள் பங்கு முழுவதற்கும் செய்தி தெரிந்தது. மறுவாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்புறம் பக்கத்து மங்களூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு இந்துக் குடும்பம்கூட எதற்கும் இருக்கட்டும் என்று தேங்காய் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆசீர்வாதம் எங்கிருந்தோ பிளாஸ்டிக் நாற்காலிகள் கொண்டுவந்து கூடத்தில் போட்டார். கட்டில் பக்கத்தில் தனக்கென்று கை வைத்த நாற்காலி ஒன்றையும் போட்டுக்கொண்டார். வந்தவர்கள் கேள்வி கேட்பார்கள், சகாயராஜ் அல்லேலூயா என்பார், அதற்கு ஆசீர்வாதம் விளக்கம் சொல்வார். பெண்ணாடத்து ஆள் ஒருவர், மனை வாங்கலாமா என்று கேட்டபோது சகாயராஜின் மூக்கில் கொசு உட்கார்ந்திருந்தது. அவர் ஆவேசமாக மூன்று முறை அல்லேலூயா என்றார். அந்த ஆள் மனையை வாங்கிவிட்டார்.

வந்தவர்கள் எல்லோருக்கும் அன்னமேரி டீ போட்டாள்.

டீக்கு நடுவில்தான் மற்றதெல்லாம். முதுகில் புண் வராமல் இருக்க அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆள் கனம். துணி மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும், ஊட்ட வேண்டும், மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டும். தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. தூங்கினால் அரை மணியில் ஓர் அல்லேலூயா எழுப்பும். வந்தவர்கள் விடைபெறும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்காகச் செபிக்கிறோம்மா" என்று சொல்லி, காலி டம்ளரை அந்தக் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவார்கள். லிசா ஞாயிறுதோறும் போன் செய்து, "அம்மா, நல்லாத் தூங்கு, கீர நெறய சாப்பிடு, டென்ஷனே ஆவாத" என்பாள். சொல்லிவிட்டதில் மகளுக்கு ஒரு நிம்மதி.

மார்கழி போய்த் தை வந்தது. கோணான்குப்பம் மாதா தேருக்கு ஊரே கிளம்பிப் போனபோது அன்னமேரி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுகைகூட வரவில்லை. வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுந்து மூடத் தோன்றவில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் முதல் மணியைத் தாண்டுவதற்குள் மனம் எங்கோ நின்றுவிடும். ஒருநாள் மருந்து வாங்கப் போனவள் கடையைத் தாண்டி ஜங்ஷன் வரைக்கும் நடந்தாள். பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து, வந்து நின்ற ரயிலில் ஏறிவிட்டால் என்ன என்று யோசித்தாள். அது எந்த ஊர் ரயில் என்றுகூடப் பார்க்கவில்லை. ரயில் போன பிறகு, அவரைப் புரட்டிப் போடும் நேரமாயிற்றே என்று எழுந்து வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

"சாமி, அவரு போய்ச் சேந்துட்டா தேவலன்னு நெனச்சிட்டேன்."

பங்குச்சாமியார் நல்லவர். கோபுர வேலை பாதியில் நின்ற கவலையில் இருந்தார். மூன்று முறை 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்லிவிட்டு, "ஒங்க வூடே இப்ப ஒரு கோயிலும்மா" என்றார்.

"கோயில்னா பெருக்கறதுக்கு யாராச்சும் வருவாங்க சாமி" என்றாள் அன்னமேரி. வரிசையில் அடுத்து நின்றவருக்கு அது கேட்டு, அவள் கோபக்காரி என்ற பேச்சு பங்கில் பரவியது.

மாசியில் தவக்காலம் வந்தது. அப்போதுதான் ஆசீர்வாதத்துக்கு ஒரு பெரிய சிக்கல் முளைத்தது. தவக்காலம் முழுவதும் திருச்சபையில் யாரும் அல்லேலூயா பாடுவதில்லை, ஈஸ்டர் வரைக்கும் அந்த வார்த்தைக்கு ஓய்வு. தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் சாயங்காலமே அவர் வந்துவிட்டார். நாற்காலியில் உட்காரவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத. சகாயராஜ் இந்த நாப்பது நாளைக்கு... கொஞ்சம் அடக்கி வாசிச்சா நல்லாருக்கும். வெளியூர்லேருந்து வரவங்க பாத்தா என்னா நெனப்பாங்க?"

"அவருக்கு ஒண்ணுக்கு வந்தா என்னாண்ணே சொல்லச் சொல்ற?"

ஆசீர்வாதம் உண்மையாகவே யோசித்தார். "ஸ்தோத்திரம்னு சொல்லலாம்."

அன்னமேரிக்குச் சிரிப்பு வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்ததால் அது நிற்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் சிரித்தாள். கட்டிலிலிருந்து சகாயராஜ் அவளைப் பார்த்தார். இழுத்துக்கொண்ட வாய் இன்னும் கோணியது. அவரும் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆசீர்வாதம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்கு உடனடியாக ஜெபம் தேவை என்று முடிவு செய்தார்.

அதனால் அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, இயேசு சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு நிலைகளாக வாசித்து ஜெபிக்கும் சிலுவைப்பாதை அன்னமேரி வீட்டிலேயே நடந்தது. கூடம் நிறைய ஆட்கள். நிலைகளை ஆளுக்கு ஒன்றாக வாசிக்கப் பிரித்துக் கொடுத்தார் ஆசீர்வாதம். ஐந்தாம் நிலை வாசிக்க வேண்டியவர் தொண்டை கட்டிக்கொண்டு வரவில்லை. ஆசீர்வாதம் அந்தத் தாளை அன்னமேரியிடம் நீட்டினார். மற்ற வருஷங்களில் அவள் இதைக் கேட்டிருக்கிறாள், முழங்கால் வலியோடு, வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்ற நினைப்போடு. இன்று அவளே வாசித்தாள். சிலுவையைச் சுமக்க இயேசுவால் முடியவில்லை. வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சீமோன் என்ற ஒருவனைச் சேவகர்கள் பிடித்து நிறுத்தி, மரத்தைத் தூக்க வைத்தார்கள்.

அவள் நிறுத்தினாள். எல்லோரும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள்.

அவள் சுவரில் சிலுவையில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவரே தனியாகத் தூக்கி முடிக்கவில்லையே. வழியில் விழுந்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவரை யாரும் குடுத்து வச்சவர் என்று சொல்லவில்லை. வேறு ஓர் ஆள் தோள் கொடுத்தபோது அவர் வேண்டாமென்றும் சொல்லவில்லை. இத்தனை மாதமாக நான் இவரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், இவரோ மூச்சு வாங்க வழியில் நிற்கிறார். பக்கத்திலேயே ஒருவர் நிற்பதுபோல இருந்தது, அவளைப் போலவே இடுப்பொடிந்து.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அல்லேலூயா. அல்லேலூயா."

தவக்காலத்தில் அதைக் கேட்டுக் கூடம் நெளிந்தது. அன்னமேரிக்கு அந்த ராகம் தெரியும். வாசனையும் வந்துவிட்டது.

"ஆறாம் நிலை" என்றார் ஆசீர்வாதம் அவசரமாக.

அன்னமேரி தாளை மடித்து வைத்தாள். "இருங்கண்ணே. அஞ்சாவதே இன்னும் முடியல. துணி மாத்தணும். நீங்க கால் பக்கம் புடிங்க."

"நானா? எனக்கு முதுகு..."

"சீமோனுக்கும் வயக்காட்டுல வேல செஞ்ச முதுகுதான். அவன யாரும் செபம் பண்ணச் சொல்லல. புடிச்சித்தான் இழுத்தாங்க. வாங்க."

கூடத்தில் ஒரு அசைவு ஏற்பட்டது. ஒருவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இன்னொருவர் வீட்டில் பால் அடுப்பில் இருந்தது. மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் போன் வந்தது, மணி அடிக்காமலே. கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் பக்தியோடு வரிசையில் நின்றன. போக முடியாமல் நின்றவர் ஆசீர்வாதம் ஒருவர்தான், காரணம் அன்னமேரி அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

இன்னொருத்தியும் இருந்தாள். பொம்மைக் கம்பெனியில் அவளோடு வேலை செய்த கொளஞ்சி. அக்காவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், பூசை ஏதோ நடக்கிறதென்று வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் காய்ந்த பீங்கான் மண். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"தண்ணி எங்கக்கா இருக்குது? ஐயா, நீங்க மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா கால எப்படிப் புடிப்பீங்க? இங்க பாருங்க."

ஆசீர்வாதம் இங்கே பார்த்தார். குமட்டியது. ஆனால் காலை விடவில்லை. முடிந்ததும் கொல்லைப்புறம் போய் வெகுநேரம் கை கழுவினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

இனி வரமாட்டார் என்றுதான் அன்னமேரி நினைத்தாள். செவ்வாய்க்கிழமை வந்தார், வீட்டில் போடும் சட்டையும் பழைய லுங்கியுமாக. "அந்தச் சீமோன் மறுநாளும் வந்தானான்னு எங்கயும் எழுதல தங்கச்சி. வந்திருப்பான்னு தோணுது" என்றார். சகாயராஜுக்குச் சவரம் செய்துவிட்டார், மூன்று இடத்தில் வெட்டினார். சகாயராஜ் ஒவ்வொரு வெட்டுக்கும் தவக்கால ஒழுங்கை மீறினார், ஆசீர்வாதம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அன்னமேரி ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்: "கைய கழுவிட்டு வாங்க." வேன்கள் வருவது நின்றது. வருகிறவர்கள் குறைந்தார்கள், வந்தவர்கள் உதவினார்கள். லிசாவிடம் போனில், "கீர வாங்கறேன், நீ வந்து ஆய்ஞ்சி குடு" என்றாள். மகள் முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு மாதத்தில் ஒரு வாரம் வந்து தங்கினாள்.

கொளஞ்சி வற்புறுத்தி அன்னமேரியை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். லேடி டாக்டர் அவள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றிக் கேட்டார், அந்தக் குளியலறைக் குழாய் வரைக்கும் அவள் சொல்லிவிட்டாள். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். ஆசீர்வாதத்துக்கு அது பிடிக்கவில்லை.

"விசுவாசம் இருக்கறவங்களுக்கு எதுக்குத் தங்கச்சி இதெல்லாம்?"

"ஒங்களுக்கு பிரஷர் மாத்திர எதுக்குண்ணே?"

அவள் சிலுவை அடையாளம் போட்டு மாத்திரையை விழுங்கினாள்.

மாத்திரை வேலை செய்தது. தூக்கமும் வேலை செய்தது. அவள் ஜெபமும் மாறிப்போயிருந்தது. முன்புபோல நன்றி, நன்றி என்று ஒப்பிக்கவில்லை. சுரூபத்தின் முன்னால் நின்று, "இன்னிக்கி முடியலப்பா, யாரையாச்சும் அனுப்பு" என்பாள். அனுப்பாத நாளில் திட்டுவாள். திட்டிவிட்டு சகாயராஜைப் புரட்டப் போகும்போது கையில் எப்படியோ பலம் வந்திருக்கும். அது தனக்குப் புரியவில்லை, ஆனால் பொய் இல்லை என்று கொளஞ்சியிடம் சொன்னாள். "எங்க சாமி கொளஞ்சியப்பர்கிட்ட நானும் அப்படித்தான் பேசுவேன்க்கா" என்றாள் கொளஞ்சி. வந்தவர்கள் பார்த்துக்கொள்ள, மத்தியானம் வரைக்கும் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள் அன்னமேரி.

சகாயராஜ் 2009 சித்திரையில் இறந்தார். மத்தியான நேரம், ஆசீர்வாதம் விசிறிக்கொண்டிருந்தார், அன்னமேரி பக்கத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர்தான் அவளை எழுப்பினார். அவள் சகாயராஜின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். சோறு, சட்டை என்று மட்டும் பேசிய மனிதரோடு இந்தக் கடைசி வருஷங்களில்தான் தான் குடும்பம் நடத்தியதாக அவளுக்குத் தோன்றியது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஜெபக்குழுக் கூட்டத்தில், ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல அவளைக் கூப்பிட்டார்கள். காட்சி ஏதாவது கண்டிருப்பாள் என்று எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அன்னமேரி மைக்கைப் பிடித்து, படுக்கையில் இருப்பவரை இரண்டு பேர் சேர்ந்து எப்படிப் புரட்டுவது, முதுகில் எங்கெல்லாம் முதலில் சிவக்கும், துணியை எந்தப் பக்கமிருந்து உருவ வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். ஆசீர்வாதம் எழுந்து நின்று தன் கையாலேயே அதைச் செய்துகாட்டினார். பின்வரிசையில் சிலர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தார்கள்.