மிண்டாப்பூச்சையும் பேன்சீப்பும்

ஆரியசாலையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் எனக்கு மிண்டாப்பூச்சை என்று பேர். மலையாளத்தில் வாய் திறக்காத பூனையை அப்படிச் சொல்வார்கள். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பிறந்த ஊர் நாகர்கோவில் பக்கம்தான். ஆனால் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து வாழ்ந்து ஏசுவதை எல்லாம் மலையாளத்திலேயே ஏசப் பழகிவிட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச வந்தால் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்தப் பேர் எனக்குப் பொருந்தித்தான் இருந்தது.

வீட்டில் நிஜமாகவே ஒரு பூச்சையும் உண்டு. கறுப்பு. மயிர் அடர்த்தி. என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனான மூத்த அத்தானும் வேலை பார்த்த மிளகாய் மண்டியில் எலிக்காக வளர்த்தது, எப்படியோ எங்கள் அடுக்களைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. பகல் முழுக்க உட்கார்ந்து உடம்பை நக்கும். நக்கின மயிரெல்லாம் வயிற்றுக்குள் போய், கொஞ்ச நாளில் கிணற்றடியில் அறுகம்புல்லைக் கடித்துத் தின்றுவிட்டு, விரல் நீளத்துக்கு முறுக்கின திரி மாதிரி ஒன்றைக் கக்கும். பூச்சை புல் தின்றால் மழை வரும் என்று அத்தை சொல்வார். அது முடியைக் கக்கத்தான் என்று எனக்குத் தெரியும். கக்கும்போது அது படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காது. கழுத்தை நீட்டி, வயிற்றை உள்ளே இழுத்து, குழந்தை கக்குவான் இருமுவது போல இருமும்.

அதனால் நான் அதற்குத் தலைவாரிவிட ஆரம்பித்தேன். தலை மட்டும் இல்லை, முதுகு, வயிறு, வால் எல்லாம். வீட்டில் பேன்சீப்பு ஒன்றுதான் இருந்தது. அத்தைக்கும் அதுதான், எனக்கும் அதுதான், அக்காவுக்கும் அதுதான். அக்கா என்றால் மூத்த அத்தானின் பெண்சாதி. சாயங்காலம் ஆனால் என் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வாள். அவள் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். நான் வாரிவிட வாரிவிட அவள் பேசிக்கொண்டே இருப்பாள். அந்த வீட்டில் என்னோடு பதிலை எதிர்பார்க்காமல் பேசியவள் அவள் ஒருத்திதான்.

யாரும் இல்லாத மத்தியானத்தில் அதே சீப்பால் பூச்சைக்கு வாரி, வெந்நீரில் கழுவி, பழைய இடத்தில் செருகி வைப்பேன். ஒருநாள் அத்தை சீப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குட்டைக் குட்டையாக மயிர் இருக்கிறதே, யாருக்கு இப்படி ஒடிந்து கொட்டுகிறது என்று கேட்டார். அன்றோடு பூச்சைக்கு வாருவதை விட்டேன்.

அந்தச் சமயத்தில் மூத்த அத்தான் தனிக்குடித்தனம் போகலாமா என்று பேச்செடுத்திருந்தார். அத்தைக்கு அது நெஞ்சில் முள். மகனுக்கு யாரோ கைவிஷம் கொடுத்து மயக்கியிருக்கிறார்கள் என்று அடுத்த வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தார். முடியும் இன்னது இன்னதும் சேர்த்து உருட்டி, பாலிலோ சோற்றிலோ கொடுப்பார்களாம். அது செரிக்காமல் வயிற்றிலேயே கிடந்து ஆளைக் கட்டிப்போடுமாம்.

ஒருநாள் காலையில் அக்கா அத்தானுக்கு ஆற்றி வைத்த பாலைப் பூச்சை தட்டிவிட்டு நக்கிக் குடித்தது. குடித்த கொஞ்ச நேரத்தில் அத்தையின் காலடியிலேயே இருமி, ஒரு கறுத்த முடித்திரியைக் கக்கியது.

அத்தை குனிந்து அதைப் பார்த்தார். "என் மவனுக்குள்ள பாலு இது. பூச்சை குடிச்சதுனால தெரிஞ்சுது. இல்லேன்னா அவன் வயித்துலல்லா கிடந்திருக்கும்" என்றார். உப்பும் மிளகாயும் சேர்த்து அதை அடுப்பில் போட்டார். வீடெல்லாம் கமறியது.

அக்கா தன் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணட்டுமா என்று கேட்டாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீ அடுக்களையிலதான நின்னே. ஒண்ணு சொல்லேன்."

என்ன சொல்ல? அது பூச்சை மயிர் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அப்புறம் சீப்பு வெளியே வரும். அத்தையின் தலையில் வாரின சீப்பால் பூச்சைக்கு வாரினேன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் அத்தான் அக்காவையும் பிள்ளையையும் அவள் தாய் வீட்டுக்கு என்று தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றார். எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் மோசம். அக்கா இல்லாதபோது பூச்சை இன்னொரு தடவை கக்கினால், எனக்குப் பதிலாக அதுவே பேசிவிடும் என்று நினைத்தேன். அதனால் முன்பு பயந்து விட்ட சீப்பை இப்போது வேண்டுமென்றே தொடவில்லை. புல் தின்ன விடாமல் பின்வாசலையும் சாத்தி வைத்தேன். நிறையச் சேரட்டும் என்று. சேர்ந்தது. ஆனால் வெளியே வரவில்லை. சாளை மீன் தலையைப் போட்டாலும் முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டது. வயிறு கல் போல ஆயிற்று. அடுப்படியில் குறுகி உட்கார்ந்து வெறும் இருமலாக இருமியது. நான் ஒருத்தியைக் காப்பாற்ற வாய் திறக்காமல், வாயில்லாத ஒன்றைக் கொல்லப் பார்க்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பின்வாசலைத் திறந்து விட்டேன். நெய்யை வாயில் வைத்தால் துப்பும். அதனால் முன்னங்கால் இரண்டிலும் பூசிவிட்டேன். பூச்சைக்கு அழுக்கு ஆகாது, நக்கித்தான் தீரும். காலையிலும் சாயங்காலமும் பூசினேன். பிறகு ஒரு விடியலில் அத்தை காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, அடுக்களை வாசலில் அது கழுத்தை நீட்டியது. முன்னைவிடப் பெரிய திரி.

அத்தை திரியைப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பம் நீயும் கைவிஷம் வைக்கத் தொடங்கியாச்சா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பூச்சை பேசும் என்று இருந்தேன். அது பேசினது எனக்கு எதிராகவே திரும்பிவிட்டது. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து, அந்தத் திரியை அதில் போட்டு, அத்தை கண் முன்னாலேயே பேன்சீப்பால் பிரித்தேன். எல்லாம் அரை விரல் நீளத்து மயிர். ஒன்றுகூட நீளம் இல்லை. "அக்காவுக்கு முடி இடுப்புக்குக் கீழ அத்தை. இது பூச்சைக்குள்ளது. முன்னாடி கக்கினதும் இதுதான். நான் இந்தச் சீப்பாலதான் அதுக்கு வாரிக்கிட்டிருந்தேன். நீங்க கேட்டதும் பயந்து நிறுத்திட்டேன்" என்றேன். அந்த வீட்டில் நான் ஒரே மூச்சில் அத்தனை பேசியது அதுதான் முதல்.

அத்தை தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முதலில் சீப்புதான் அவருக்கு உறைத்தது போல. கடைசியில், "மிண்டாப்பூச்சை கலம் உடைக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, அத்தானைக் கூப்பிட்டு, நாகர்கோவிலுக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா என்றார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மட்டும் என்ன உடனே சொல்லிக் கிழித்தேன்.

அக்கா வந்தாள். அத்தை சாலைக் கடைத்தெருவில் புதுச் சீப்பு வாங்கி வைத்திருந்தார். பழையது பூச்சைக்கு என்று ஆயிற்று. நான் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்காகப் பேசுகதுக்கு உனக்கு ஒரு பூச்சை வேண்டியிருந்துது, இல்லியா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிறகு அவர்கள் தனிக்குடித்தனம் போகிறவரைக்கும், அத்தானுக்கு உள்ள பாலை நீயே ஆற்று என்று என்னிடம் கொடுத்துவிடுவாள். நான் தினமும் மத்தியானம் எல்லோருக்கும் தெரியவே உட்கார்ந்து பூச்சைக்கு வாரினேன். சாயங்காலத்தில் புதுச் சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருப்பேன். அக்கா வரவில்லை. அவ்வளவு நீள முடியை, கை வலிக்க வலிக்க, தானே முன்பக்கம் போட்டு வாரிக்கொண்டாள். பூச்சைக்கு வாரின கை என்பதாலா, இல்லை வேறு காரணமா என்று நான் கேட்கவில்லை.