மேஸ்திரியின் பெயரில் ஊதிய மூச்சு

மூட்டை தைப்பவர் இரண்டாம் முறையாக வந்து ஊதுகுழாயின் முன் உட்கார்ந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் மருத்துவ அறையில் உடல்நலப் பதிவேடு எழுதுவது என் வேலை. ஆண்டுக்கொரு முறை எல்லோரும் அந்தக் குழாயில் ஊத வேண்டும். நுரையீரலின் பலத்தைக் கருவி எண்ணாகக் காட்டும். காலையில் ஊதிவிட்டுப் போனவர், மதியம் பேக்கிங் மேஸ்திரியின் அடையாள அட்டையோடு வந்திருந்தார்.

“அண்ணே, நீங்க காலையிலயே ஊதிட்டீங்களே?”

“அது எனக்கு. இது மேஸ்திரிக்கு. அவரு லோடுல நிக்கிறாரு. எங்கிட்ட மூச்சு நெறையக் கெடக்கும்மா.”

சிரித்துவிட்டேன். நர்ஸ் சிஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். எண்ணை மேஸ்திரியின் பெயருக்கு நேரே எழுதியும் விட்டேன்.

மேஸ்திரியின் இருமல் எனக்குத் தெரியாததில்லை. வேலை முடிந்ததும் எல்லோருக்கும் வெல்லக்கட்டி கொடுப்பார். “வெல்லம் தின்னா தூசியெல்லாம் வயித்தோட போயிடும், தங்கச்சி” என்பார். முகக்கவசம் கழுத்தில்தான் தொங்கும். மூக்கில் போட்டால் அவர் குரல் ஆட்களுக்குக் கேட்காதாம்.

அன்று மாலை வீட்டில் என் ஏழு மாதக் குழந்தைக்குச் சளி. அதன் நெஞ்சில் கை வைத்து மூச்சை எண்ணினேன். ஒன்று கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம். இப்படி எண்ணுகிற நானா இன்னொருவர் மூச்சைப் பொய்யாக எழுதினேன்? சொன்னால் மேஸ்திரியின் வேலை போய்விடுமோ? சொல்லாவிட்டால்?

மறுநாள் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் பேக்கிங் பகுதிக்கே நடந்துபோய் மேஸ்திரியை அழைத்து வந்து ஊத வைத்தார். எண் மோசமாக இருந்தது. சிஸ்டர் நேரே மேலாளரிடம் போனார். “இதே சம்பளத்துல தூசியில்லாத எடம் குடுங்க சார். குடுக்குற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்.” நின்றார். மேஸ்திரிக்கு லாரி எடை போடும் அறையில் வேலை கிடைத்தது.

“நாப்பது ஆள மேய்ச்சவன கண்ணாடி ரூமுல உக்கார வச்சிட்டியே” என்று மட்டும் சொன்ன மேஸ்திரி, அதன்பின் என்னோடு பேசவில்லை. முதலில் அவரிடமே கேட்டிருக்கலாமோ என்று இன்னும் குழம்புகிறேன். ஆனால் அட்டையிலுள்ள படத்தையும் எதிரே இருக்கும் முகத்தையும் ஒப்பிடாமல் இப்போது ஓர் எண்ணைக்கூட எழுதுவதில்லை. சலித்துக்கொள்பவர்கள் சலித்துக்கொள்ளட்டும்.

போன வாரம் இந்த ஆண்டுச் சோதனைக்கு மேஸ்திரி தானே வந்தார். என்னைப் பார்க்காமல் ஊதினார். எண் மேலும் இறங்கவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினேன். நெடுநேரம் பார்த்தார்.

“இது என்னோடதுதான?”

“உங்களோடதுதாண்ணே.”

“அப்ப எழுதிக்க, தங்கச்சி.”