நாற்பத்தாறு சென்டிமீட்டர் கால்

ஷூ கம்பெனியில் எல்லாருக்கும் கைதான் சோறு போடும். எனக்குப் போட்டது கால்.

என் பெயர் எஸ்தர். ஊர் பள்ளிகொண்டா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் லைனில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் ஜெர்மனியிலிருந்து முழங்கால் வரை ஏறும் லேடீஸ் பூட்ஸுக்கு ஆர்டர் வந்தது. கால் பருத்த பெண்களுக்கென்றே தனி பூட்ஸ். தைத்ததைப் போட்டுப் பார்க்க, கெண்டைக்கால் சுற்றளவு நாற்பத்தாறு சென்டிமீட்டர் உள்ள ஒரு பெண் வேண்டும். தோல் வெட்டும் அளவை வரைகிற பேட்டர்ன் மாஸ்டர் நசீர் பாய்க்குப் பெண்களின் காலை அளக்கக் கூச்சம். சாம்பிள் ரூமில் தைக்கிற ஷகிலாவின் கையில் டேப்பைக் கொடுத்து அனுப்பினார். அவள் வரிசையாக அளந்துகொண்டே வந்து என் காலில் டேப்பைச் சுற்றினாள். நாற்பத்தாறு, மயிரிழைகூடப் பிசகவில்லை. அன்றே மெஷினை விட்டு எழுந்து மாடியில் இருக்கும் சாம்பிள் ரூமுக்குப் போய்விட்டேன். பூட்ஸ் சீசன் வந்தால் பூட்ஸைப் போட்டு, பத்தடி நடந்து, உட்கார்ந்து, எழுந்து, 'ஓகே' என்று அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற மாதங்களில் சாம்பிள்களுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். எட்டு வருஷம் அந்த அறையில் ராணி மாதிரி இருந்தேன்.

ஆபரேஷனில் வயிற்றைச் சுருக்கிக்கொண்டு அரை இட்லியோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களுக்கெல்லாம் இளைத்தால் பழைய ரவிக்கைகள்தான் போகும். எனக்குப் போகவிருந்தது அந்த மாடி ரூம்.

லீவு லெட்டர்

நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தேன். சாம்பிள் ரூமுக்குப் பதினெட்டுப் படி. ஆறாவது படியில் மூச்சு வாங்கும், பன்னிரண்டாவதில் முட்டி கெஞ்சும். சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. சென்னையில் ஒரு டாக்டர், ஆபரேஷன் செய்து வயிற்றைச் சின்னதாக்கிவிடலாம் என்றார். என் கணவர் கணக்கு வாத்தியார். ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

லீவு லெட்டரில் நசீர் பாய் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் வெளுத்துவிட்டது. மனுஷன் என் உயிரை நினைத்து இப்படிக் கலங்குகிறாரே என்று எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "வயித்ததானேம்மா வெட்றாங்க? காலுக்கு ஒண்ணும் ஆவாதே?"

பத்து நிமிஷ டீ

ஆபரேஷன் முடிந்து முதல் பதினைந்து நாள் தண்ணீர், மோர், வடிகட்டின சூப், அவ்வளவுதான். அதையும் மருந்து மூடியில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக உறிஞ்ச வேண்டும். பிறகு மசித்த சாப்பாடு. ஒரு இட்லியைத் தட்டில் வைத்தால் பாதியிலேயே வயிறு கதவைச் சாத்திவிடும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, தண்ணீர் குடித்தால் அரை மணி நேரம் சாப்பிடக் கூடாது. இதையெல்லாம் வாத்தியார் டைம்டேபிளாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டார்.

கம்பெனியில் அந்த டைம்டேபிள் செல்லாது. டீ பிரேக் பத்தே நிமிஷம். மணி அடிக்கும்போது என் டம்ளரில் முக்கால்வாசி டீ ஆடை கட்டி அப்படியே நிற்கும். ஷகிலா மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நாலாம் நாள் கேட்டுவிட்டாள்: "இன்னாடி, நீ டீ குடிக்கிறியா, இல்ல டீக்குக் காவல் இருக்கியா?"

ஆற்காட்டுப் பெட்டி

நாலு மாதத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட வாத்தியார் ஆற்காட்டிலிருந்து ஒரு பெட்டி மக்கன் பேடா வாங்கிவந்தார். சர்க்கரை குறைந்ததற்கு இனிப்பு வாங்கிவருகிற மனுஷனை என்ன சொல்வது? ஒன்றுதானே என்று வாயில் போட்டேன். பத்து நிமிஷத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, புடவை வியர்வையில் நனைந்தது, தலை சுற்றியது. பாத்ரூம் வாசலில் தரையிலேயே படுத்துவிட்டேன். டாக்டருக்குப் போன் போட்டால், இனி இனிப்பு சாப்பிட்டால் இப்படித்தான் ஆகும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்றார். வாத்தியார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பேடாப் பெட்டியின் மூடியால் எனக்கு விசிறினார். அரை மணி கழித்துக் கண்ணைத் திறந்தேன். பெட்டி காலி. வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வூட்ல இருந்தா உனக்குத்தான் ஆபத்து. அதான் நானே முடிச்சிட்டேன்."

வியாதியஸ்தர் வரிசை

எங்கள் பக்கத்தில் குண்டாக இருந்தவள் இளைத்தால் யாரும் அழகாகிவிட்டாள் என்று சொல்லமாட்டார்கள். இன்னும் எத்தனை நாளைக்கு இருப்பாள் என்று கணக்குப் போடுவார்கள். முடி வேறு கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் ஆபரேஷனின் உபயம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை புது மெரூன் பட்டும் சின்ன ரவிக்கையுமாக, கர்வத்தோடு சர்ச்சில் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். போதகர் வியாதியஸ்தர்களுக்காக ஜெபிக்கிற இடத்தில் என் பெயரையும் சேர்த்து வாசித்தார். எல்லாரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன். வெளியே வந்ததும் பாடகர் குழு கமலம் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்: "தைரியமா இரும்மா. மூஞ்சி இன்னும் அப்படியேதான் கீது."

என் ஸீட்

முன்பெல்லாம் பள்ளிகொண்டாவில் நான் ஏறும் பஸ்ஸில் கண்டக்டர் எனக்கென்று இருவர் ஸீட் ஒன்றைக் காலியாக வைத்திருப்பார். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் பாதி உடம்பு வெளியே தொங்க ஆம்பூர் வரை வந்து, இறங்கும்போது அவரோடுதான் சண்டை போடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் கம்பெனி வேனில் போய்விட்டு, ஒருநாள் பழைய பஸ்ஸில் ஏறினேன். அதே ஸீட்டில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இன்னொரு ஆள் தாராளமாக உட்கார இடம் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது கண்டக்டர் வந்து தன் தோள்பையைத் தட்டினார். அவர் சொன்னதைக் கேட்டு எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆம்பூர் வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி நின்றேன். அவர் சொன்னது: "அந்த ஸீட் வேணாம்மா. இங்க ஒரு பெரிய அக்கா ஏறுவாங்க. ரொம்ப நாளா காணோம், இன்னிக்கி வந்தாலும் வந்துடுவாங்க."

மூன்று ஸ்பூன் பிரியாணி

நசீர் பாயின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். ஒரு காலத்தில் நான் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் நகராமல் பக்கத்திலேயே நின்றுவிடுவார். இப்போது மூன்று ஸ்பூன், ஒரு துண்டுக் கறி, அதையும் முப்பது தடவை மென்று. அதோடு வயிறு கதவைச் சாத்திவிட்டது. பாயின் மனைவி என் தட்டைப் பார்த்தார். கறி வேகவில்லையா, உப்பு ஜாஸ்தியா என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் சமையல்காரருக்கு ஆள் போய்விட்டது. அவர் கரண்டியோடு வாசல் திரைக்கு வெளியே வந்து நின்று என்ன குறை என்று கேட்டார்.

வேறு வழியில்லாமல் பெண்கள் பந்தி முழுக்கக் கேட்கும்படி ஆபரேஷன் கதையைச் சொன்னேன். பதினைந்து பேர் பிரியாணியை விட்டுவிட்டுத் தழும்பைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். சின்னச் சின்னதாக ஐந்து புள்ளி, இவ்வளவுதானா என்று அவர்களுக்கு ஏமாற்றம். கிளம்பும்போது வாசலில் நசீர் பாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்: "இன்னும் ரெண்டு பொண்ணு பாக்கி கீதும்மா. வர்றவங்க எல்லாரையும் உன் டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டுக் கூட்டியார முடியுமா?"

ஒரே இழுப்பு

ஆபரேஷனுக்குப் பிறகு எட்டாவது மாதம் பூட்ஸ் சீசன் வந்தது. ஆர்டர் பேப்பரில் 'போன சீசன் ஃபிட்டிங்' என்று மட்டும் இருந்தது. என் கால் கிடைத்ததிலிருந்து நசீர் பாய் டேப்பை நம்பமாட்டார். டேப் ஆளுக்கு ஓர் அளவு காட்டும், எஸ்தர் கால் ஒரே அளவுதான் காட்டும் என்பார். முதல் சாம்பிளைப் போட்டேன். ஷகிலா கெண்டைக்கால் பக்கம் பூட்ஸ் தோலைக் கிள்ளிப் பார்த்து, லூஸ் என்றாள். நசீர் பாய் பேட்டர்னைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், கடைசியில் தோலின் மேல் பழியைப் போட்டார். இந்த லாட் தோல் கண்டபடி இழுக்கிறது என்று, அதைப் பதனிட்டு அனுப்பிய டேனரிக்குப் போன் போட்டு உருதுவில் திட்டித் தீர்த்தார். பேட்டர்னைக் குறைத்தார். இரண்டாவது சாம்பிளும் லூஸ். மறுபடியும் திட்டு, மறுபடியும் குறைப்பு.

நாங்கள் மூன்று பேரும் தோலிலேயே வளர்ந்தவர்கள். தோல் இழுக்கும், சுருங்கும் என்பது எங்களுக்கு அத்துப்படி. கால் சுருங்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஆனால் மூன்றாவது சாம்பிளின் ஜிப் என் புத்தியைக் கெடுத்துவிட்டது. எட்டு வருஷத்தில் நான் குனிந்து ஜிப் போட்டதே இல்லை. ஷகிலா தரையில் உட்கார்ந்து என் சதையை உள்ளே தள்ளித் தள்ளி இழுத்துவிடுவாள். அன்று நானே குனிந்தேன். சர்ரென்று ஒரே இழுப்பில் முழங்கால் வரை போனது. இறக்கிவிட்டு இன்னொரு தடவை இழுத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நாலு தடவை நடந்தேன். தலைகால் புரியாத சந்தோஷத்தில் அட்டையில் 'ஓகே' போட்டேன். ஷகிலாவும் கைதட்டினாள்: "எட்டு வருஷத்துல இவ்ளோ சூப்பரா எதுவுமே ஃபிட் ஆனதில்ல மாஸ்டர்."

ஹெல்காவின் கால்

மறுநாள் மொத்த ஆர்டருக்கும் தோல் வெட்டுவதாக இருந்தது. அதற்குள் பூட்ஸ் வாங்குகிற ஜெர்மன் கம்பெனியிலிருந்து ஹெல்கா வந்துவிட்டாள். வருஷா வருஷம் வருகிறவள். அவள் காலும் என் பழைய காலும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். சாம்பிளை வாங்கித் தன் காலிலேயே மாட்டினாள். ஜிப் பாதியில் நின்றது. இன்னொரு காலிலும் அதே இடத்தில் நின்றது. மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. நசீர் பாய் டேனரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஹெல்கா அட்டையில் என் கையெழுத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவளுடைய நிதானமான இங்கிலீஷில் சொன்னாள்: "தோல் இழுக்கவில்லை மாஸ்டர், எஸ்தர்தான் சுருங்கிவிட்டாள்."

மாடியிலிருந்து கீழே

தோல் வெட்டவில்லை, அதனால் கம்பெனி தப்பித்தது. நான் தப்பிக்கவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். பதினெட்டுப் படியையும் மூச்சு வாங்காமல் இறங்கினேன், அதுதான் கொடுமை. இத்தனை வருஷம் ஊரில் யார் யாரோ என் உடம்பைக் கேலி செய்தபோது அழாதவள், அது போய்விட்டதே என்று அன்று தையல் லைனில் உட்கார்ந்து அழுதேன். மேனேஜர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை: "புதுசா ஒரு காலப் பாத்துக்கறோம்மா. நாளைலேர்ந்து நீங்க கீழயே இருங்க."

புதுக் கால்

பேக்கிங்கில் இருந்த பொற்கொடிதான் புதுக் கால். நாற்பத்தாறு. அவளுக்கு நடக்கச் சொல்லித்தர என்னை ஒருநாள் மேலே கூப்பிட்டார்கள். திருத்திய பூட்ஸைப் போட்டாள், நடந்தாள், நல்லா கீது என்றாள். நசீர் பாய் அட்டையை நீட்டினார். நான் அவளை உட்காரச் சொன்னேன். உட்காரும்போது காலை மடக்காமல் முன்னால் நீட்டிக்கொண்டாள். நானும் எட்டு வருஷம் அப்படித்தான் காலை நீட்டி உட்கார்ந்தேன். முட்டிக்குப் பின்னால் கடிக்கிறதா என்று காதோடு கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "கடிக்குதுக்கா. நம்ம காலுதான பெருசு, அத எப்படிச் சொல்றதுன்னு வுட்டுட்டேன்."

நானும் அதனால்தான் சொன்னதில்லை. குண்டுப் பெண்களுக்குச் செருப்பு கடித்தால் தப்பு செருப்புடையது என்று தோன்றவே தோன்றாது. கடிக்கக் கடிக்க எட்டு வருஷம் 'ஓகே' போட்டிருக்கிறேன். அன்று நசீர் பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பின்பக்க விளிம்பை இரண்டு விரல் இறக்க வேண்டும், சாயந்திரம் கால் வீங்கும், அதற்கு ஜிப் ஓரம் எலாஸ்டிக் வேண்டும், உட்கார வைத்துத்தான் அளக்க வேண்டும் என்றேன். அவர் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டே இருந்தார். அந்த பேட்டர்ன் ஜெர்மனி போய், இதே மாதிரி இன்னும் வேண்டும் என்று ஹெல்காவிடமிருந்து பதில் வந்தது. நசீர் பாய் அந்தப் பேப்பரோடு மேனேஜர் ரூமுக்குப் போனார். அவர் சொன்னது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது: "இவ்ளோ நாளு நாம காலத்தான் மேல வச்சிருந்தோம் சார். ஆள இப்பதான் பாத்தேன். எஸ்தர் மேலயே இருக்கட்டும்."

பழைய கேள்வி

இப்போது சாம்பிள் ரூமில் இரண்டு நாற்காலி. பொற்கொடி போட்டு நடப்பாள், நான் கேள்வி கேட்பேன். முதல் நாளே நசீர் பாய் அவளை நிற்கவைத்து, ஆபரேஷன் கீபரேஷன் என்று எதுவும் எண்ணம் இல்லையே என்று விசாரித்துவிட்டார். அவள் சூடத்தில் அடித்துச் சொல்லாத குறையாக இல்லவே இல்லை என்றாள். ஒரு மாதம் போனது. டீ பிரேக்கில் நான் என் டம்ளருக்குக் காவல் இருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நசீர் பாய் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அக்கா, அந்த டாக்டரு பேரு இன்னா?"

எழுதிக் கொடுத்துவிட்டேன், சக பாவிகளே, ஆனால் பேருக்கு மேலே 'ஷிப்மென்ட் போன பிறகு' என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் கொடுத்தேன்.