கல்லீரல் கறுத்தால் நல்லது

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடையில் சிதறும் ஆணிகளைப் பொறுக்க வைத்திருக்கும் காந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, வலது விலாவுக்குக் கீழே வைத்து, இழுக்கிறதா என்று பார்த்தவன் நான்.

ஸ்ரீரங்கத்தில் எனக்கு இரும்புச் சாமான் கடை. ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) பல வருடங்களாக என் உடம்பில் குடித்தனம் நடத்துகிறது. வழக்கமான ஸ்கேனில் கல்லீரலின் வலப்பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய். இடப்பக்கம் ஒரு நிழல். அது வெறும் நிழலானால் அறுவை சிகிச்சை. அதுவும் கட்டியானால் கத்தி வைக்க முடியாது.

தில்லை நகர் டாக்டர் நானோ துகளைப் (முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும் பொடி) பற்றிச் சொன்னார். "இரும்பு ஆக்சைடு. ரத்தத்துல ஏத்துவோம். நல்ல ஈரல் அதை விழுங்கிடும், படத்துல கறுப்பாத் தெரியும். கட்டி விழுங்காது, வெள்ளையா நிக்கும்."

"அது துரு இல்லையா டாக்டர்? துருப் பிடிக்காத சாமான்னு கடையில போர்டு வெச்சிருக்கேன்."

"அந்த ஜாதிதான். கொஞ்ச நாள்ல உடம்பே எடுத்துக்கும்."

ஸ்கேன் முடிந்து, முடிவுக்குக் காத்திருந்த மாலையில்தான் காந்தத்தை வைத்தேன்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி.

"உள்ள ஸ்டாக் எவ்வளவுன்னு பாக்குறேன்."

அவள் சிரிக்கவில்லை. காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு, அது இருந்த இடத்தில் தன் கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

காந்தம் இழுக்காது. நீங்கள் முயல வேண்டாம்.

மறுநாள் படத்தில் அந்த நிழல் முழுக்கக் கறுத்திருந்தது. வலப்பக்கக் கட்டி மட்டும் வெள்ளை வேட்டி கட்டிய மாப்பிள்ளை போலத் தனியாக நின்றது.

எனக்கு ஆசை விடவில்லை. "மருந்தையே இந்தத் துகள்ல ஏத்தி அனுப்புறாங்களாமே?"

"அதெல்லாம் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சியில இருக்கு. உங்களுக்குக் கத்தி போதும்."

போதுமாக இருந்தது. வெட்டிய கல்லீரல் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய உடம்புக்குள் கைக்குழந்தை வயதில் ஒரு பகுதி. அது குலுங்கக் கூடாதென்று காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரை உருட்டாத குறையாக ஓட்டுகிறேன். பின்னால் வருகிறவர்கள் என் வம்சத்தையே விசாரிக்கிறார்கள். வைகுண்ட ஏகாதசி எப்போது என்று யாராவது கேட்டால், அடுத்த ஸ்கேனுக்கு முன்னாலா பின்னாலா என்றுதான் மனம் எண்ணுகிறது.

போன வாரம் டாக்டரிடம் கேட்டேன். "ஸ்கேன் சுத்தமா இருக்குன்னு சொல்றீங்க. இனிமே நான் நோயாளி இல்லன்னு வெச்சுக்கலாமா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூணு மாசம் கழிச்சு வாங்க."