கிடாவுக்கு மச்சி முறை

என் ராத்தாவின், மூத்த சகோதரியின், கணவர் எனக்கு மாமி மகன். ராத்தாவைக் கட்டுவதற்கு முன்பும் மச்சான், கட்டிய பிறகும் மச்சான். எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. மாமா மகளோ மாமி மகளோ என்றால் மச்சி, கட்டலாம். வாப்பாவின் தம்பியான சாச்சாவின் மகள் என்றால் தங்கச்சி, கட்டுவதில்லை. மார்க்கம் இரண்டையும் தடுக்கவில்லை. இது வழக்கம் போட்ட கோடு. அந்தக் கோட்டை மச்சான் தன் ஆட்டுக் கொட்டிலுக்குள்ளும் இழுத்திருந்தார் என்பது எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது.

பள்ளிவாசல்துறையில் அவருடைய ஆடுகளுக்கு நல்ல பெயர். கறுப்பு உடம்பு, வெள்ளை இடது காது. தூரத்திலேயே அடையாளம் தெரியும். ஒரு கிடாவும் இரண்டு பெட்டைகளுமாக வாங்கி, அதிலிருந்து பெருக்கிய பட்டி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு அறுத்துக் குர்பான் கொடுக்கிறவர்கள் வருடம் தவறாமல் அவரிடம் வருவார்கள். பிராணி குறையில்லாமல் இருக்கவேண்டும், வயது வந்திருக்கவேண்டும். வயதைப் பல்லில் பார்ப்பார்கள் என்பதால், வருகிறவர் முதலில் செய்வது ஆட்டின் வாயைத் திறப்பது.

மச்சானுக்குச் சிக்கல் வந்ததும் அந்த வாயில்தான். சில ஆடுகளுக்குக் கீழ்த்தாடை குட்டையாக இருந்தது. கீழ்ப் பற்கள் மேல் ஈறைத் தொடாமல் உள்ளே நின்றன. பால் குடிக்கும் வரை ஒன்றும் தெரியவில்லை. புல்லைக் கடித்து இழுக்கத் தொடங்கியபோது மற்றவற்றை விட மெலிந்தன. வழக்கமாக வரும் ஒருவர் ஒன்றின் வாயைத் திறந்தார், மூடினார், கடல் காற்றைப் பற்றிக் கொஞ்சம் கதைத்துவிட்டுப் போய்விட்டார்.

"ஒரு பெருநாளைக்கு இப்பிடி நடந்தாப் போதும்," என்றார் மச்சான். "அடுத்த பெருநாளைக்கு ஊரே வேற பட்டிக்குப் போயிடும்."

புத்தளத்திலிருந்து மிருக வைத்தியர் வந்தார். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தில் இங்கேயே பிறந்த இளம் பெண். குட்டியொன்றை மடியில் வைத்து வாயைப் பார்த்தார்.

"கிடா எங்க வாங்கின?"

"வாங்கல்ல. இங்கயே பிறந்தது."

"அதுட தாய்?"

"அதுவும் இங்கதான். ஆனா ஒழுங்கு தவறல்ல டொக்டர். கிடாட குட்டிய, கிடாட தங்கச்சி போட்ட குட்டியோடதான் சேக்கிற. மாமி மகன், மாமா மகள். முறையான சோடி. கிடாட தம்பிமாரை வெச்சிக்கிறல்ல, வித்துடுவன். வெச்சிருந்தா அதுகள்ட குட்டி தங்கச்சி முறையாப் போயிடும்."

டொக்டர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார் என்பது தெரிந்தது.

"இல்ல நானா," என்று அண்ணன் முறையில் கூப்பிட்டார். "மச்சி, தங்கச்சி எல்லாம் எங்கட வாயில வாற பேர். ரத்தத்துல மாமா மகளும் சாச்சா மகளும் ஒரே தூரம்."

அவர் விளக்கியது இவ்வளவுதான். தாடையை உண்டாக்கும் குறிப்பு ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு பிரதியாகக் கிடைக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பிழையாக இருந்தால் மற்றது சமாளித்துக்கொள்ளும். பிழை வெளியே தெரியாது. தாயும் தகப்பனும் ஒரே மூத்தாப்பாவின், அதாவது பாட்டனின், வழி வந்தால், இருவரிடமும் அதே பிழை இருக்கக்கூடும். இரண்டு பிழைப் பிரதிகளும் ஒரே குட்டியில் சேரும்போது தாடை குட்டையாகிறது.

தேநீர் கொண்டுவந்த ராத்தா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இவரும் என்ட மாமி மகன்தான். எங்கட பிள்ளைகள்ட வாயையும் ஒருக்காத் திறந்து பாருங்க டொக்டர்."

"ஒருக்கா நடந்தா பெரும்பாலும் ஒண்டும் ஆகாது ராத்தா. உங்கட குடும்பத்துக்கு வெளியால இருந்தும் ஆக்கள் வந்திருப்பாங்க. இந்தக் கொட்டிலுக்கு ஒருத்தரும் வரல்லயே. ஒவ்வொரு தலைமுறையும் அதே வட்டம்."

மச்சான் விடுவதாக இல்லை. வேலிக்கு அப்பால் இருந்த மிளகாய்த் தோட்டத்தைக் காட்டினார். "மிளகாய்ப் பூ தன்னோடயே சேருது எண்டு விவசாய ஐயா சொன்னாரு. அதுக்கு ஒண்டும் ஆகல்லயே?"

"அது எத்தனையோ காலமா அப்பிடியே வந்தது. கெட்டதுகள் எப்பவோ செத்து ஒழிஞ்சிட்டு, மிஞ்சினதத்தான் நீங்க பாக்கிறீங்க. ஆட்டுலயும் செய்யலாம். எத்தனை குட்டி சாகிற வரைக்கும் பாத்துட்டு இருப்பீங்க?"

அதன் பிறகு மச்சான் மறுகோடிக்குப் போனார். நுவரெலியாப் பக்கத்திலிருந்து பாலுக்கு வளர்க்கும் வெள்ளைச் சாதிக் கிடா ஒன்று எடுப்போம் என்றார். டொக்டர் அதையும் வேண்டாம் என்றார். குளிருக்குப் பழகிய ஆட்டின் குட்டி இந்த வெயிலையும் உப்புக் காற்றையும் முள் பற்றையையும் தாங்குமா என்பது நிச்சயமில்லை. இதே மாதிரி வறண்ட காட்டில் மேய்ந்த, ஆனால் வேறு வழியில் வந்த கிடாவாகப் பார்க்கச் சொன்னார்.

அப்படித்தான் நானும் மச்சானும் ஒரு முச்சக்கரவண்டியில் வண்ணாத்திவில்லுவுக்குப் போனோம். ஆடு வைத்திருந்தவர் சிங்களவர். எங்களைப் போலவே தமிழ் கதைத்தார். அவருடைய சிறந்த கிடாவை அவிழ்த்துக் கொண்டுவந்தார். உயரம், நெஞ்சு அகலம், எல்லாம் சரி. கறுப்பு உடம்பு. வெள்ளை இடது காது.

மச்சான் அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்ல சாதி," என்றார் ஆட்டுக்காரர். "இதுட அப்பாவ ஒரு வியாபாரி கொண்டுவந்தது. பள்ளிவாசல்துறையில ஒரு பெரிய ஹாஜியார்ட பட்டியாம்."

ஹஜ்ஜுக்குப் போகாமலே மச்சான் அன்று ஹாஜியார் ஆனார். தங்கச்சி முறை வந்துவிடக் கூடாதென்று அவர் விற்றுத் தள்ளிய தம்பிக் கிடாக்கள் புத்தளம் வாவிக்கு மறுகரையில் ஒரு பரம்பரையையே உண்டாக்கியிருந்தன.

"சாச்சாட மகன்," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"இப்பவும் முறையா பாக்கிறீங்க?"

"இல்ல மச்சான், ஒரு கணக்குக்குச் சொன்ன."

கொட்டிலின் மூலையில் இன்னொன்று நின்றது. களிமண் நிறம், ஒரு கொம்பு முறிந்தது, முகத்தில் ஓர் எரிச்சல். மனைவியின் ஊரான அனுராதபுரப் பக்கத்திலிருந்து வந்தது, அழகில்லை என்பதால் யாரும் கேட்பதில்லை என்றார் அவர். மச்சான் அதன் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு அதன் உம்மா, வாப்பா, ஊர் எல்லாவற்றையும் விசாரித்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் இவ்வளவு கேட்டிருக்கமாட்டார். அங்கே கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

திரும்பும்போது கிடா எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. புத்தளத்தில் வண்டியை நிறுத்தியபோது பேக்கரிக்குப் பாண் வாங்க வந்த ஒருவர், "ஹாஜியார், எங்க போய்ப் பிடிச்ச இத?" என்றார். இவருக்கு அந்தப் பட்டம் எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதல் குட்டி பிறந்த காலையில் மச்சான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குட்டி பாதி கறுப்பு, பாதி களிமண். வெள்ளைக் காது இல்லை. அவர் விரலை வாய்க்குள் விட்டு மேல் ஈறைத் தடவினார். கீழ்ப் பற்கள் சரியாக அந்த ஈறில் வந்து பொருந்தின. குட்டி விரலைச் சப்பத் தொடங்கியது, அவர் எடுக்கவில்லை.

"வாய் சரி," என்றார். "காது போனாப் போகட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, "இந்தக் கிடாட பெட்டைக் குட்டி வளந்தா திரும்ப இதோட விட ஏலாது. அதுக்கு முந்தி வேற கிடாவொண்டு பிறத்தி ஊருல பாக்கணும்," என்றார்.

"நல்லம்," என்றார் ராத்தா. "இனி ஆட்டுக்குக் கலியாணம் பேச ஊரூராப் போங்க. எனக்கு மட்டும் பக்கத்து வீட்டு வளவுலயே முடிச்சிட்டீங்க."